கோபுரத்துக்கு ஒரு டிக்கெட்

"அதாவது பாருங்க மேடம்" என்று தொலைபேசியில் அந்தக் குரல் ஆரம்பித்ததும் அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

பழைய நகரத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது என்று திட்டமும் போட்டுத் தருகிற சின்ன அலுவலகம் அது. ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. மூன்று மேசை, ஒரு பிரிண்டர், பழைய தாள்களும் வரைபடக் கட்டுகளும் அடைந்து கிடக்கிற ஓர் உள்ளறை. அரண்மனைக்கு எந்தக் கிழமை விடுமுறை, கோட்டை மதிலில் வெயில் எப்போது ஏறும், நிலவறைக் குளத்தில் எந்தப் படி வழுக்கும் என்பதையெல்லாம் அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறாள். ஆனால் எந்தப் பேச்சையும் "அதாவது பாருங்க" என்று தொடங்குகிற ஒரே ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும். அவளுடைய அண்ணன்.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

"சொல்லுங்க சார்."

அலுவலகத்துக்கென்று அவளிடம் ஒரு குரல் இருந்தது. சொந்தக் குரலைவிடக் கொஞ்சம் உச்சத்தில், ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் வரும். அது தானாக வந்து கைகொடுத்தது.

"அதாவது, நானும் எங்கம்மாவும் அடுத்த வாரக் கடைசில வர்றோம். ரெண்டு நாள் இருப்போம். அம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு. நடப்பாங்க, ஆனா கொஞ்ச தூரம்தான். அந்த அரண்மனையப் பாக்கணும்னு ரொம்ப நாளா நச்சரிக்கிறாங்க. சக்கர நாற்காலி கிடைக்குமா?"

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது அவளுக்குத் தெரியாது. எப்போது, எந்த இடுப்பில், யார் கூட இருந்தார்கள் என்று எதையும் கேட்க முடியாது. "கிடைக்கும் சார். பின்வாசல்ல சரிவுப் பாதை இருக்கு. அங்கயே நாற்காலியும் குடுப்பாங்க" என்றாள்.

அந்தப் பக்கம் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. கூடவே, "ஸ்பீக்கர்ல போடுடா, எனக்கும் கேக்கட்டும்" என்று அம்மாவின் குரல்.

அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். எதிர்மேசையில் இருந்த அலுவலக உரிமையாளர், எல்லாரும் மேனேஜர் அக்கா என்று கூப்பிடுகிறவர், தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"முதல் நாள் கோட்டை, நிலவறைக் குளம் ரெண்டையும் விட்டுடலாம் சார், ரெண்டுலயும் படி இருக்கு. காவல் கோபுரத்துலயும் அம்மாவால ஏற முடியாது. ஒத்தைப் படி, ரொம்பக் குறுகல்."

"கோபுரம் வேணாம் மேடம். அரண்மனை போதும்."

"என்னடா போதும்?" என்றாள் அம்மா. "இவ்வளவு தூரம் போயிட்டு அதப் பாக்காம வருவாங்களா? நீ ஏறிப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. நான் கீழ உக்காந்திருக்கேன். அம்மாடி, அங்க உக்கார நிழல் இருக்குமா?"

"இருக்கும்மா" என்றாள் அவள். தொண்டை அடைத்தது. "பெரிய மரம் இருக்கு. கீழ பெஞ்ச் போட்டிருக்காங்க."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்ப சரி. கோபுரத்துக்கு ஒரு டிக்கெட் போட்டுடு, அம்மாடி" என்றாள் அம்மா.

யார் பெயருக்கு என்று கேட்பதற்கு முன்பே அவளுடைய விரல்கள் அண்ணன் பெயரைக் கணினியில் அடித்துவிட்டிருந்தன. பதறிப்போய்ப் பெயரைக் கேட்டாள். அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அவள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வைத்தபின் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டாள். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நல்லவன். ஆனால் 'நம்ம ஆளுங்க இல்ல' என்ற ஒற்றை வரியில் அண்ணன் அந்தக் கதையை முடித்துவிட்டான். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். கல்யாணம் முடிந்த மறுநாள் கூட்டாளிகளோடு வந்து கதவை உடைத்தான். அவள் கணவனின் வலது கையை வாசற்படியில் வைத்து மிதித்தார்கள். அவளை இழுத்துக்கொண்டுபோய் வீட்டில் அடைத்தார்கள். "தப்பிச்சுப் போனாலும் தேடி வந்து முடிச்சுடுவேன். உன்னையும் சரி, அவனையும் சரி, உங்களுக்குப் பொறக்கறதையும் சரி" என்றான் அண்ணன். கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். ஒரு மத்தியானம் பின்கதவுத் தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. அது யார் மறந்தது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஓடிவிட்டாள்.

போன் வந்த அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். உடைந்து சேர்ந்த கை முழுக்க நீளாது. பூட்டை இடது கையால்தான் இழுத்துப் பார்ப்பான்.

"தெரிஞ்சுதான் போன் பண்ணியிருக்கான்" என்றான்.

"இல்ல. என் குரல் அவனுக்குத் தெரியல."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

அவள் அவன் தள்ளி வைத்த தட்டை எடுத்து மூடினாள்.

"அந்த ரெண்டு நாளும் லீவு போடு. வீட்ட விட்டு வெளிய காலெடுத்து வைக்காத. குட்டிய சனிக்கிழமை ஸ்கூலுக்கு அனுப்ப வேணாம்."

"அவளுக்கு அன்னிக்குப் பாட்டுப் போட்டி இருக்கு. ஒரு மாசமா வீட்ட ரெண்டாக்கிட்டு இருக்கா."

"பாட்டா இப்ப முக்கியம்?"

ஐந்து வயதுக் குட்டி அடுத்த அறையில் அந்தப் பாட்டைத்தான் தலையணைக்குப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "சரி, அவ போகட்டும். நானே கொண்டுவிடுறேன்" என்றான். லீவு போடுவதாக அவள் தலையாட்டினாள். மனதுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. அதை அவனிடம் சொல்லவில்லை.

காவல் கோபுரத்தில் ஏறவும் இறங்கவும் ஒரே படிக்கட்டுதான். அதனால் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகத்தான் விடுவார்கள். ஒரு கூட்டம் மேலே போய், சுற்றிப் பார்த்து, மொத்தமாகக் கீழே வந்த பிறகுதான் அடுத்த கூட்டம். நடுவில் சங்கிலியைப் போட்டுவிடுவார்கள். உள்ளே போனவன் வெளியே வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அம்மா மரத்தடியில் தனியாக இருப்பாள். ஊரில் ஆயிரம் பேருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவள், முதல் தடவையாகத் தனக்காக ஒன்று போட்டாள்.

போட்டுவிட்டாளே தவிர, அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். குட்டியின் பள்ளிக்கு எதிரே யாராவது வண்டியை நிறுத்திக்கொண்டு போன் பார்த்தால், அவர் போகும் வரை குட்டியை வெளியே கூட்டி வரவில்லை.

மேனேஜர் அக்காவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "டிக்கெட் மெசேஜ்ல போயிடும். அவன் இந்தப் பக்கமே வர வேண்டியதில்ல. நீயும் அந்தப் பக்கம் போக வேண்டியதில்ல. பைத்தியக்காரத்தனம் பண்ணாத" என்றார்.

ஆனால் அவன் வந்தான்.

சனிக்கிழமை காலை. அவள் லீவு போட்டிருந்தாலும், கோபுரத்துக்குப் போகிற நேரம் வரை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு காலை லேசாகத் தேய்த்து வைக்கிற நடை. சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பாள். இப்போது உள்ளறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு என்று பெயர்தான், ஒட்டுப்பலகை. மூச்சு விட்டாலும் அந்தப் பக்கம் கேட்கும்.

"அதாவது பாருங்க, மெசேஜ் வந்துச்சு. ஆனா கையில பேப்பரா இருந்தா எனக்கு நிம்மதி."

பிரிண்டர் ஓடியது. அவள் வரைபடக் கட்டுகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துப்பட்டாவின் நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"போன்ல பேசின மேடம் இருக்காங்களா? பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு."

"அவங்க இன்னிக்கு லீவு" என்றார் மேனேஜர் அக்கா.

"அந்த நாற்காலில பை மாட்டியிருக்கே."

அவளுடைய பை. உள்ளே வரும்போது அதை எடுக்கவில்லை.

"என் பைதான்" என்றார் மேனேஜர் அக்கா, சற்றும் குரல் மாறாமல். "ஏன் சார், எனக்கு இந்தக் கலர் பொருந்தலையா?"

அவன் சிரித்தான். சிரித்தபிறகும் போகாமல் நின்றான். தரையில் செருப்பு தேய்கிற சத்தம் உள்ளறைப் பக்கமாக இரண்டடி வந்தது போலிருந்தது. பிறகு, "அம்மா கீழ வண்டில இருக்காங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவள் வெளியே வந்து முதல் வேலையாக நாற்காலியிலிருந்து பையை எடுத்தாள். மேனேஜர் அக்கா தண்ணீரை நீட்டினார். "வீட்டுக்குப் போ."

"அம்மா கீழ வண்டில இருந்தாங்களாம் அக்கா. இந்த ஜன்னலுக்குக் கீழ."

"சொன்னா கேளு."

அவள் கேட்கவில்லை.

காவல் கோபுரத்தின் அடிவாரத்தில் சின்னத் தோட்டம் உண்டு. அவள் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, படங்களும் சாவிக்கொத்துகளும் விற்கிற கடைக்குப் பின்னால் நின்றாள். திருட வந்தவள் மாதிரி தனக்கே தோன்றியது. காற்றில் மரம் அசைந்து, நிழல் அம்மாவின் மேல் விழுவதும் விலகுவதுமாக இருந்தது. அம்மா இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். கோபுரத்து வாசலில் வாடகைக்குக் கொடுக்கிற சக்கர நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவள் போல நேராக உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் வரிசையில் கடைசியில் நின்றான். பின்னால் வந்தவர்களையெல்லாம், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று முன்னால் விட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் காவலாளி கையைக் காட்டியதும் உள்ளே போனான். சங்கிலி விழுந்தது.

அவள் நடந்தாள்.

பக்கத்தில் போய் நின்றதும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை, திடுக்கிடவும் இல்லை. "வந்துட்டியா. போன்ல குரல் அடைச்ச மாதிரி இருந்துச்சே, சளியா?" என்றாள்.

"அம்மா."

"மொதல்ல உக்காரு. நின்னா எல்லாரும் பாப்பாங்க."

பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்தபோதுதான் தன் கை எவ்வளவு ஜில்லென்று இருக்கிறது என்று தெரிந்தது.

"நான்தான்னு தெரிஞ்சுதா உனக்கு?"

"பெத்தவளுக்குத் தெரியாதா. 'இருக்கும்மா'ன்னியே, அந்த 'ம்மா' போதாதா?" அம்மா கோபுர வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதனாலதான் இன்னிக்கு அவன மேல போடான்னு பிடிவாதம் பிடிச்சேன். சீக்கிரம் பேசு. அவன் ரொம்ப நேரம் தாங்க மாட்டான்."

"முக்கால் மணி நேரம் ஆகும்மா. நடுவுல விட மாட்டாங்க."

"உயரம் அவனுக்கு ஆகாதுடி. பாதி ஏறினாலே தலை சுத்தும். மொட்டை மாடில துணி எடுக்கக்கூட வந்ததில்லையே, ஞாபகம் இல்ல? மாட்டேன்னு சொல்லிக்க வெக்கம், அதான் போயிருக்கான்."

துணி எடுக்க வராததை அவள் திமிர் என்றுதான் நினைத்திருந்தாள். அண்ணனுக்கும் எதற்காவது பயம் இருக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. முக்கால் மணி நேரம் என்று போட்ட கணக்கு மொத்தமும் சரிந்தது. அவன் இப்போதே திரும்பிக்கொண்டிருக்கலாம். அந்த வாசலில் இந்த நொடி தெரியலாம்.

"நான் கிளம்புறேன்மா."

"ஆபரேஷனப் பத்திக் கேக்க மாட்டியா?"

"எப்படி இருக்கு?"

"வலிக்குது. உனக்கு? குழந்தை குட்டின்னு ஏதாவது?"

அவள் போனை எடுத்தாள். அவசரத்தில் பூட்டைத் திறக்கவே இரண்டு தடவை தவறியது. பள்ளிச் சீருடையில், பல் விழுந்த வாயோடு சிரிக்கிற குட்டியின் படம். அம்மா போனை வாங்கினாள். கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. பையைத் திறந்து, மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்து, சீப்பை எடுத்து வைத்து, கண்ணாடிக் கூட்டைத் தேடினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு யுகம் ஆனது. அவள் கோபுர வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மா படத்தைக் கிட்டே பிடித்தாள். வாயோரம் துடித்தது. "மூக்கு உங்கப்பா மூக்கு" என்றாள்.

அப்போது சங்கிலி கலகலத்தது.

காவலாளி ஒருவர் அண்ணனைத் தோளில் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"போடி" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

அவள் எழுந்து நடந்தாள். ஓடக் கூடாது, ஓடினால் பார்ப்பான். பத்தடி தள்ளித் தண்ணீர்க் குழாய் பதித்த சுவருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபிறகுதான் கை காலியாக இருப்பது உறைத்தது. போன் அம்மாவின் மடியில் இருந்தது.

வீட்டு முகவரி, பள்ளியின் எண், கணவன் வேலை செய்யும் இடம், எல்லாம் அதில் இருந்தது. பூட்டுக்கூடப் போடாமல் திறந்து கிடந்தது.

சுவரோரமாக எட்டிப் பார்த்தாள். அண்ணன் மெதுவாக வந்து பெஞ்சில், அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், பொத்தென்று உட்கார்ந்தான். முழங்காலில் கையை ஊன்றித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவளுடைய கணவனாகத்தான் இருக்கும். இந்நேரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பான்.

"யார் போன்மா இது?"

"டிக்கெட் போட்டுக் குடுத்த பொண்ணு வந்திருந்துச்சு. எல்லாம் வசதியா இருக்கான்னு கேட்டுட்டுப் போச்சு. மறந்து வெச்சிடுச்சு போல."

அவன் கையை நீட்டி வாங்கினான். அடித்து ஓய்ந்ததும் திரையில் மறுபடி குட்டியின் படம் வந்திருக்கும். அவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இப்படியே தெருவுக்கு ஓடி, முதல் வண்டியில் ஏறிப் பள்ளிக்குப் போய்க் குட்டியை வாரிக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் எங்கே ஓடினாலும் அந்த போன் அவன் கையில்தான் இருக்கும்.

அவன் தலையைத் தூக்கினான். நேராக அவளைப் பார்த்தான்.

கறுப்புக் கண்ணாடி, துப்பட்டா எதுவும் பிரயோஜனப்படவில்லை. அவன் கண் அசையவில்லை. எப்படி நடந்தாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. அவன் முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அடி விழும் என்று தோள் இரண்டும் தாமாகக் குறுகின. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கதவை உடைத்த அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை.

அவன் போனை நீட்டினான். கை நடுங்கியது. கோபுரத்தில் ஏறிய நடுக்கமா, வேறு நடுக்கமா என்று தெரியவில்லை.

"இது உங்க போனா, மேடம்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறந்ததிலிருந்து அவன் அவளை 'வாடி, போடி' என்றுதான் பேசியிருக்கிறான். நல்ல நாளில் 'பாப்பா'. 'உங்க' என்ற சொல், அவள்தான் என்று தெரிந்து, அவனுடைய வாயிலிருந்து அவளை நோக்கி ஒருநாளும் வந்ததில்லை.

"ஆமாங்க சார்" என்றாள். அலுவலகக் குரல் வரவில்லை. சொந்தக் குரல்தான், உடைந்து வந்தது.

"பாத்து வெச்சுக்கங்க. எல்லாரும் திருப்பிக் குடுக்க மாட்டாங்க."

போன் கைக்கு வந்தது. அவள் நகரவில்லை, நகர முடியவில்லை. அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு மேலும் சொன்னான். "அதாவது, நாளைக்கு அரண்மனைல எங்களுக்கு யாரும் வழி காட்ட வேணாம். நாங்களே பாத்துக்குவோம். நீங்க வராதீங்க."

"சரிங்க சார்."

அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினாள். இரண்டு பேரையும் பார்க்காமல், "நல்ல நிழல், அம்மாடி" என்றாள்.

அவன் எழுந்து, நாற்காலியின் பின்பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டான். தள்ளுவதற்கா, தான் விழாமல் இருப்பதற்கா என்று சொல்ல முடியாதபடி ஒரு கணம் நின்றான். பிறகு தள்ளிக்கொண்டு போனான்.

அவள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது கணவன் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே பள்ளிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"நம்ம பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டான்."

"ஆமா."

"உனக்குப் புத்தி இருக்கா இல்லையா? சொல்லு. ஆறு வருஷமா நான் ஒரு போட்டோ வெளிய போகாமப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அம்மாவப் பாக்கணும்னு தோணுச்சு" என்றாள். அவன் அதற்குமேல் திட்டவில்லை. இடது கையால் அவள் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான்.

"'உங்க'ன்னு சொன்னானா?"

"உங்க போனான்னு கேட்டான். மேடம்னான்."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"தெரியல. செத்துட்டேன்னு அர்த்தமா இருக்கலாம். விட்டுட்டேன்னும் இருக்கலாம்."

"அவன நம்ப முடியாது."

"நான் நம்புறேன்னு சொல்லலையே."

பாட்டுப் போட்டியில் குட்டிக்கு ஆறுதல் பரிசு கிடைத்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்த குட்டியை இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல், கணவனோடு வேலை செய்கிற ஒருவரின் வீட்டுக்குப் போனார்கள். லீவு விட்டுவிட்டதாகக் குட்டி நினைத்துக்கொண்டது.

அடுத்த நாள் முழுக்க அந்த வீட்டில் அவள் ஜன்னல் பக்கமே போகவில்லை. குக்கர் விசில் அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் அரண்மனைக்குப் போயிருப்பானா, அல்லது அம்மாவை விடுதியில் விட்டுவிட்டுப் பள்ளிச் சீருடையின் நிறத்தை வைத்துத் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருப்பானா என்று மாற்றி மாற்றி நினைத்தாள். சாயங்காலம் பொறுக்க முடியாமல் சமையலறைக்குள் போய், அரண்மனைப் பின்வாசலில் சக்கர நாற்காலி கொடுக்கிற மனிதருக்குப் போன் போட்டாள். அலுவலக வேலையாகத் தினமும் பேசுகிறவர்தான். வாயைத் திறந்தால் மூட மாட்டார்.

"நேத்து ராத்திரியே எடுத்து வெச்ச நாற்காலி மேடம், சக்கரத்துக்கு எண்ணெயெல்லாம் போட்டு. காலையிலயே வந்துட்டாங்க, அம்மாவும் பையனும். மத்தியானத்துக்கு மேலதான் கிளம்பினாங்க. நேரா ஸ்டேஷனுக்குப் போறதா வண்டிக்காரன்கிட்ட சொன்னதக் கேட்டேன்."

அவள் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள். "எல்லாம் நல்லபடியா பாத்தாங்களா?"

"எங்க பாத்தாங்க. அந்தம்மாவுக்குப் பேசவே நேரம் சரியா இருந்துச்சு. என்கிட்ட சொல்லுது, செக்யூரிட்டிகிட்ட சொல்லுது, பின்னால வரிசைல நின்னவங்களக்கூட விடல. அந்த டிக்கெட் பேப்பர எல்லார்கிட்டயும் நீட்டி, 'இது எம்பொண்ணு போட்டுக் குடுத்தது, அவ இங்கதான் வேலை பாக்குறா'ன்னு. நீங்களா மேடம் அது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, டீயாவது வாங்கிக் குடுத்திருப்பேனே?"

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"கூட வந்தவர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"யாரு, பையனா? ஒண்ணும் சொல்லல. அந்தம்மா சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்தி நின்னார். அப்புறம் தள்ளிட்டுப் போனார்."

கூடத்திலிருந்து குட்டி அவளைக் கூப்பிட்டது. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். கணவனிடம் இதைச் சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று தெரியும். வீட்டை மாற்றத்தான் வேண்டும் என்பான். மாற்றுவார்களோ என்னவோ. முகத்தைக் கழுவிக்கொண்டு, ஜன்னல் இருக்கிற கூடத்துக்குப் போய்க் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு ஒரு பாட்டி இருக்காங்க, தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.